பதினோரு புளியங்கொட்டைகள்

சென்ட்ரல்

போடிநாயக்கனூருக்குச் சென்னை சென்ட்ரலிலிருந்து நேரடி ரயில் விட ஆரம்பித்தது 2023 ஜூனில். அன்றிலிருந்து அதில் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போன ஆடியில்தான் முடிந்தது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து, ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் ஒரு சுற்று நடந்தேன். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தின் பெரிய விளக்குகள் எரியவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் முன்பு வேறொரு ஸ்டேடியம் இருந்தது. நேருவின் பெயரை வைத்த பிறகும் எங்கள் அப்பா தலைமுறைக்கு அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம்தான். சூளையிலிருந்து அப்பா என் கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப்போவார். அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க். கவர்னர் டிரவெல்யன் காலத்தில் உருவான தோட்டம். மிருகக்காட்சிசாலை, மூர் மார்க்கெட், ஸ்டேடியம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். ஒரே சாயங்காலத்தில் புலியைப் பார்க்கலாம், பழைய புத்தகம் வாங்கலாம், மேட்சும் பார்க்கலாம். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்டேடியத்தின் பழைய கேலரிகளை இடித்து, 260 நாளில் புதிதாகக் கட்டி, 1993ல் திறந்தார்கள். பத்து வருஷத்துக்குள் என் சிறுவயது நடமாடிய மூன்று இடங்களும் இல்லாமல் போயின.

புதிய ஸ்டேடியம் வந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. நாற்பதாயிரம் பேர் உட்காரலாம். 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. 2015லும் 2018லும் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சிக்கு அதுதான் சொந்த மைதானம். நகரம் வளரும்போது பழைய கேலரி தாங்காது. ஆனால் பழைய ஸ்டேடியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஒன்று நெஞ்சை அடைத்தது. அங்கே நடந்த கிரிக்கெட் ஒவ்வொரு ரன்னும் பத்திரமாக இருக்கிறது. 1956 ஜனவரியிலிருந்து 1965 வரை ஒன்பது டெஸ்ட் மேட்ச் நடந்த மைதானம் அது. முதல் டெஸ்டிலேயே நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173. முதல் விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்த 413 ரன் உலக சாதனையாக 52 ஆண்டு நின்றது, 2008 வரைக்கும். 1964ல் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் போட்டதும் இங்கேதான். அந்த இன்னிங்ஸில் 32 ஓவர் வீசி ஐந்தே ரன் கொடுத்தார்.

1967ல் டெஸ்ட் மேட்ச் சேப்பாக்கத்துக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு இடிக்கும்வரை கால் நூற்றாண்டு அந்தத் தரையில் ஓடியவர்களில் கால்பந்துக்காரர்கள் எத்தனை பேர்? எந்தெந்த டீம்? யார் கோல் போட்டார்? தேடியவரை எனக்கு அங்கொரு வரி, இங்கொரு வரி கிடைத்தது. நான் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்த ஒரு மேட்ச்கூட எந்தக் காகிதத்திலும் அகப்படவில்லை.

அப்போதுதான் ஒரு நண்பர் சொன்னார்: "சின்னமனூர்ல ஒருத்தர் இருக்கார். பன்னிரண்டு வருஷம் மெட்ராஸ் லீக்ல ஆடினவர். சீக்கிரம் போய்ப் பாருங்க."

கணவாய்

மதுரை தாண்டியதும் பெட்டியில் பேச்சு மாறிவிட்டது. இரவெல்லாம் சென்னைத் தமிழ் பேசிக்கொண்டு வந்தவர்கள் உசிலம்பட்டி நெருங்கும்போது "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று ஊர்ப் பேச்சுக்குத் திரும்பினார்கள். எதிர் இருக்கையில் அம்பத்தூரில் லேத் வேலை செய்கிற ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவாய் வந்ததும் பிள்ளைகளை எழுப்பி ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். "இந்தா, இந்த மலையத் தாண்டுனா நம்ம ஊரு. காத்தப் பாரு."

காற்று உண்மையிலேயே வேறாக இருந்தது. கேரள மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிற ஆடிக் காற்று. ஆண்டிபட்டிச் சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகள் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன.

இந்த ரயில் பாதைக்கு ஒரு கதை உண்டு. 1928ல் போட்டது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். 2010 முடிவில் அகலப்பாதை வேலைக்காக மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருஷம் ரயில் இல்லை. 2022 மே மாதம் தேனி வரைக்கும், அடுத்த ஆண்டு போடி வரைக்கும் வந்தது. "எங்க கல்யாணத்தப்ப ரயில் இருந்துச்சு, இவங்க பிறந்தப்ப இல்ல, இப்பத் திரும்ப வந்துருச்சு" என்றார் அந்த அம்மா, பிள்ளைகளைக் காட்டி. இரண்டு முறை பெயர்த்தும் திரும்பி வந்த பாதை இது. வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த சனங்களால்தான் திரும்பி வந்தது.

தேனி

தேனியில் இறங்கி இட்லி சாப்பிட்ட கடையில் கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள்: முருகன், முதலாளியின் அப்பா, முல்லைப் பெரியாறு அணை கட்டிய கர்னல் பென்னிகுக். மூன்றுக்கும் ஒரே அளவு மல்லிகைச் சரம். சென்னையில் ஒரு பொறியாளர் படத்துக்கு மாலை போட்ட டிபன் கடையை நான் பார்த்ததில்லை.

மதுரை மாவட்டத்திலிருந்து 1996ல் பிரிந்த மாவட்டம் இது. சந்தை ஊர். ஏலக்காய், பருத்தி, வாழை, தேங்காய் என்று லாரிகள் வந்தவண்ணம் இருக்கின்றன. விளையாட்டு என்று கேட்டால் இங்கே முதலில் சொல்வது கபடி, மாட்டுவண்டிப் பந்தயம், ஜல்லிக்கட்டு. அதன் பிறகு பெரியகுளத்துக் கூடைப்பந்து. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு வடநாட்டு டீம்கள்கூட வரும். கடைக்காரருக்கு எந்த வருஷம் எந்த டீம் ஜெயித்தது என்று மனப்பாடம். "சின்னப் பையன்ல இருந்து பாக்குறேன். மறக்குமா?" என்றார்.

அவரிடம் வைகை அணையைப் பற்றியும் பேச்சு வந்தது. 1959ல் திறந்த அணை. அதன் நீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. வைரமுத்து அந்த மண்ணை வைத்து எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. மூழ்கிய ஊர்களுக்கு ஒரு நாவல் இருக்கிறது. இன்றைக்குப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எதற்கு அழுதார்கள் என்று தெரியும். பெரியமேட்டில் இடித்த கேலரியில் உட்கார்ந்திருந்த ஆயிரமாயிரம் பேருக்கு அப்படி ஒன்று இல்லையே என்ற நினைப்போடுதான் சின்னமனூர் பஸ்ஸில் ஏறினேன்.

சின்னமனூர்

வீரபாண்டியைத் தாண்டினால் நிறம் மாறுகிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற இருபோக நிலம் தொடங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி 14,707 ஏக்கர் இருக்கிறது என்று வழியில் யாரைக் கேட்டாலும் ஏக்கர் சுத்தமாகச் சொல்கிறார்கள். நட்டு முடித்த வயல்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை, அதற்கு நடுவில் சாலை.

பெரியவர் வீடு ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் இருந்தது. வயது 77. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

"வாங்க தம்பி. வெள்ளனே வந்துருவீகன்னு பாத்தேன். சாப்பாட்டு நேரமாயிருச்சு. மொதல்ல கையக் கழுவுங்க."

"பேசிட்டுச் சாப்பிடலாமேய்யா."

"பேச ஆரம்பிச்சா இவரு நிறுத்த மாட்டாரு. சாப்பிட்டுருங்க" என்று உள்ளேயிருந்து அவர் வீட்டு அம்மாவின் குரல் வந்தது. சொந்த வயல் அரிசிச் சோறு, மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். சென்னையில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் பக்கத்து ஃபிளாட்டுக்காரர் முகம் கோணுமோ என்று ஜன்னலைச் சாத்துகிறோம். இங்கே வாசனை தோப்பு முழுக்க உலாவியது.

பெரியவர் சென்னைக்குப் போனது 1966ல். உத்தமபாளையத்தில் படிக்கும்போது டிரில் மாஸ்டர் ஒருவர் பந்து பழக்கியிருக்கிறார். வெறுங்காலில்தான் ஆட்டம். ஒரு தொழிற்சாலையில் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மதுரையில் ரயில் ஏறியிருக்கிறார். "மொதல் நாளு பூட்ஸ் குடுத்தாக. போட்டுக்கிட்டு நடக்கவே வரல. ராத்திரி ரூம்ல யாருக்கும் தெரியாம போட்டுப் போட்டு நடந்தேன். கால் முழுக்கக் கொப்புளம். ஆனா வேலை போயிருமேன்னு பயம். அந்தக் காலத்துல பந்து ஆடுனாத்தேன் வேலை. ஆட்டம் போச்சுன்னா வேலையும் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒரு காலகட்டத்தின் வரலாறாகப் பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தமிழ்நாட்டுக் கால்பந்தைத் தூக்கி நிறுத்தியது தொழிற்சாலையும் ரயில்வேயும் வங்கியும் ராணுவமும்தான். 1955ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். வந்தது, அதற்கொரு டீம் வந்தது. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ் 1956, 1960 இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவின் கோல்கீப்பர். 1960ல் ரோமில் பெருவுக்கு எதிராக ஒரு கோல் போட்டவர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் அதுதான். அதன் பிறகு இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. அதைப் போட்ட கால் ஒரு தமிழருடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சாப்பிட்டதும் பெரியவர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் திண்ணையில் வைத்தார். "இது கிரவுண்டு." ஒரு டம்ளரை அதன் தெற்கே வைத்தார். "ரிப்பன் பில்டிங்." ஒரு செம்பை இந்தப் பக்கம் நகர்த்தினார். "மிருகக்காட்சிசாலை. சாயங்காலம் மேட்ச் நடக்கையில சிங்கம் கத்தும் பாருங்க, புதுசா வந்த பையன் பந்த விட்டுட்டு நிப்பான்." என் கண் கலங்கிவிட்டது. அந்தச் சிங்கத்தின் குரலை நானும் கேட்டிருக்கிறேன். நான் கேட்டது அப்பா பக்கத்தில் கேலரியில் உட்கார்ந்து; இவர் கேட்டது தரையில் நின்று.

பிறகு அம்மாவிடம் புளியங்கொட்டை கேட்டார். பல்லாங்குழிக்கு வைத்திருந்த சுருக்குப் பையை அவர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் எண்ணி எடுத்தார். ஒன்று, நான்கு, இரண்டு, நான்கு. பதினோரு கொட்டைகள் தாம்பாளத்தில் வரிசை கட்டி நின்றன.

"ஸ்கூல்ல நாங்க ஆடுனது ரெண்டு பேக். மெட்ராசுக்குப் போனப்புறம் நாலு பேக்னாக. ஒண்ணும் புரியல." இந்தியாவுக்கு இந்த ஆட்டமுறையைப் பழக்கியவர் ஹைதராபாத் ரஹீம். 1956 மெல்போர்னில் நான்காவது இடம், 1962 ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் என்று இந்தியாவைக் கொண்டுபோன பயிற்சியாளர். 1963ல் புற்றுநோயில் இறந்துவிட்டார். அவர் யோசனை நாலைந்து வருஷத்தில் சின்னமனூர்ப் பையன் கால் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

பெரியவர் ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டுப் பெயர் சொன்னார். கோல்கீப்பர், பெரம்பூர்க்காரர், விரல் இரண்டு வளைந்திருக்கும். சென்டர் ஃபார்வர்டு, கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர், ஹெட் அடித்தால் கேலரியே எழுந்து நிற்கும். ரைட் அவுட் இவரேதான். பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர்கள் குடும்பத்தாரைக் கேட்காமல் அச்சில் போடுவது முறையில்லை என்பதால் இங்கே எழுதவில்லை. ஒன்பது பெயர் வந்தது. ஒரு பேக், ஒரு லெஃப்ட் அவுட், இரண்டு கொட்டைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"வாயில இருக்கு தம்பி. வர மாட்டேங்குது."

"எழுதி வச்சீங்களாய்யா, மேட்ச் விவரம் எல்லாம்?"

"யாரு எழுதுனா? ஜெயிச்சா ஆபீசுல பூரி கிழங்கு வாங்கிக் குடுப்பாக. அம்புட்டுத்தேன்."

அம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த ஸ்டேடியத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார், கல்யாணமான புதிதில். "கேலரியில பொம்பளைன்னு நான் ஒருத்திதேன். முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்துருந்தேன். இவரு கோலுக்கு முன்னாடி நிக்கிறாரு, பந்து காலுக்கே வருது, ஓங்கி மேல அடிச்சுட்டாரு. எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனா எல்லாரும் தலையில கைய வச்சதப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் பந்தக் குடுத்தது இடது கைப் பக்கம் இருந்த பையன். சுருட்டை முடி. இடது கால்ல உதைப்பான். வியாசர்பாடியில இருந்து வருவான். நம்ம வீட்டுக்கு வந்து மொச்சைக் குழம்பு கேட்டுச் சாப்பிடுவான்ல, அவன்."

"அவனேதேன்" என்றார் பெரியவர். "பேரு?"

அம்மாவுக்கும் வரவில்லை.

பெரியவர் 1978ல் முழங்கால் போய் ஆட்டத்தை விட்டார். அதற்குப் பிறகும் ஓய்வு பெறும்வரை சென்னையில்தான் இருந்தார். ஸ்டேடியத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். "கேலரிப் படி உடைஞ்சு கெடந்துச்சு. உள்ள விடல. கேட்டுக்கு வெளியவே நின்னு பாத்துட்டு வந்துட்டேன். கூட ஆடுனவன் எவனாச்சும் வந்துருப்பானான்னு பாத்தேன். யாரும் இல்ல."

ராயப்பன்பட்டி

மறுநாள் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போனேன். சுருளி அருவிக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்கிறார்கள். வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும். பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தால் வெளிச்சமே பச்சையாக இருக்கிறது. தோட்டத்துக்காரர் ஒரு கொத்தை அறுத்து என் கையில் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். கோயம்பேட்டில் கிலோக்கணக்கில் வாங்கிய பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தோல் கொஞ்சம் புளிப்பு, உள்ளே பன்னீர் வாசம்.

சாயங்காலம் ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கம்புகள்தான் கோல்போஸ்ட். பாதிப் பேருக்கு வெறுங்கால். ஒருவன் மெஸ்ஸி பெயர் போட்ட சட்டை, ஒருவன் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்பதால் அந்தக் கால்பந்துக் காய்ச்சல் இங்கேயும் தொற்றியிருக்கிறது. அரைமணி நேரம் பார்த்தேன். மஞ்சள் சட்டைக்காரன் இடது காலால் பந்தைக் கொண்டுபோகிற அழகைப் பார்த்தபோது சின்னமனூர்த் திண்ணையில் பெயர் வராமல் நின்ற அந்தக் கொட்டை ஞாபகம் வந்தது.

தண்ணீர் குடிக்க வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். சென்னையில் இடித்த ஸ்டேடியத்தைப் பற்றிச் சொன்னேன். உங்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் அங்கே பன்னிரண்டு வருஷம் ஆடினார் என்றேன்.

"நம்ம சின்னமனூர்க்காரரா? நெசமாவா?" என்றான் மஞ்சள் சட்டை. "இப்ப உயிரோட இருக்காரா அண்ணே?"

இருக்கிறார் என்றேன். தோப்புக்கு வழி கேட்டான். சொன்னேன்.

லோயர் கேம்ப்

கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, பள்ளத்தாக்கு முடிகிற இடம் லோயர் கேம்ப். மேலே மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கி மின்நிலையத்துக்குள் போகின்றன. முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாக இந்தப் பக்கம் வந்து, விளக்கெரித்துவிட்டு, வயலுக்கு ஓடுகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய வேலை. 1887ல் தொடங்கி 1895ல் முடிந்தது. அதை நடத்திய ஜான் பென்னிகுக்குக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரி 15ல், அவர் பிறந்த நாளில் திறந்தார்கள். அந்த நாளில் ஊர் ஊராகப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள்.

மண்டபத்தில் ஒரு விவசாயி குடும்பம் சிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் கொண்டுவந்தவரை இந்தச் சனங்கள் மறக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

கூடவே இன்னொன்றும் உறுத்தியது. அணை கட்டும்போது மலைக்காய்ச்சலிலும் விபத்திலும் செத்த கூலியாட்கள் நூற்றுக்கணக்கானவர்கள். இந்தச் சமவெளியிலிருந்து கல்லும் சுண்ணாம்பும் சுமந்துகொண்டு ஏறியவர்களும் அவர்களில் உண்டு. மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் அவர்களில் ஒரு பெயர் என் கண்ணில் படவில்லை. பொறியாளரின் பெயர் காகிதத்தில் இருந்தது, அதனால் இன்று கல்லிலும் இருக்கிறது. மன்கட்டும் பங்கஜ் ராயும் ஸ்கோர் புத்தகத்தில் இருப்பதுபோல. கல் சுமந்தவர்களையும், பெரியமேட்டில் பந்து ஆடியவர்களையும் எழுத ஆள் இல்லை.

உலகத்தில் எல்லா ஊரிலும் ஸ்டேடியத்தை இடிக்கிறார்கள். லண்டனில் ஹைபரி மைதானம் அடுக்குமாடி வீடுகளானது, ஆனால் ஆடுகளம் இருந்த இடத்தைத் தோட்டமாக விட்டுவைத்தார்கள். சிங்கப்பூரில் 1973ல் திறந்த காலாங் தேசிய ஸ்டேடியத்தை 2010ல் இடிக்கத் தொடங்கியபோது, சனங்கள் உட்கார்ந்து தேய்ந்த மரப் பலகைகளை எடுத்துப் பெஞ்சுகளாக்கினார்கள். நம் தமிழ்ப் பிள்ளை சுந்தரமூர்த்தி பந்து ஆடியதை அந்தப் பலகைகளில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். பெரியமேட்டுக் கேலரியின் ஒரு கல்லையாவது எடுத்து, "இங்கே இவர்கள் ஆடினார்கள்" என்று செதுக்கி வைத்திருக்கலாம்.

போடி

திரும்பும்போது கோம்பை, தேவாரம் வழியாக மலையடிவாரச் சாலையில் போடிக்கு வந்தேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. ஏலக்காய் தட்டிப் போட்ட டீயின் வாசனை பிடித்துக்கொண்டு ஒரு கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெள்ளை வேட்டி, கம்பளி மப்ளரோடு ஒரு பெரியவர். மூணாறு எஸ்டேட்டில் நாற்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கு இறங்கி வந்தவர். மலை இறங்கிப் பல வருஷமாகியும் மப்ளர் பழக்கம் போகவில்லை.

பந்து என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூணாறில் வெள்ளைக்காரக் கம்பெனி காலத்தில் 1940களில் தொடங்கிய ஃபின்லே ஷீல்டு போட்டி இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு டீம். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள், தமிழர்கள், இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் மலையேறியவர்களின் பிள்ளைகள்.

"ஃபைனல் அன்னைக்கு எஸ்டேட்டுல ஒரு ஆளு இருக்க மாட்டாக அய்யா. கொழுந்தெடுக்குற பொம்பளைகளும் லாரில ஏறி வந்துருவாக. மழை பேஞ்சுக்கிட்டே இருக்கும், சாக்கத் தலையில போட்டுக்கிட்டு நின்னு பாப்போம். எங்க டீம் ஜெயிச்ச வருசம் எனக்கு மொதப் பிள்ளை பிறந்துச்சு. அதை வச்சுத்தேன் அவன் வயசச் சொல்லுவேன்." பிறகு விரல் விட்டு எண்ணி, அந்த வருஷத்து டீமில் ஆடிய பதினோரு பேரையும் ஒருவர் விடாமல் சொன்னார். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் என்பதால் ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகமும் அவரோடு போய்விடும் என்ற பயத்தில் அதையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ரயில் கிளம்பும் நேரத்தில் சின்னமனூரிலிருந்து போன் வந்தது. பெரியவர்தான்.

"தம்பி, அந்த பேக் பேரு வந்துருச்சு. ராத்திரி தூக்கத்துல வந்துச்சு. எழுதிக்கிறீகளா?"

எழுதிக்கொண்டேன். "ஒரு பையன் மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான். நீங்கதேன் அனுப்புனீகளாமே" என்றும் சொன்னார். அவனுக்கும் தாம்பாளம் வைத்து, கொட்டைகளை அடுக்கிக் காட்டினாராம்.

இன்னும் ஒரு கொட்டைக்குப் பெயர் இல்லை. 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் லீக்கில் ஒரு தொழிற்சாலை டீமுக்கு லெஃப்ட் அவுட் ஆடியவர். வியாசர்பாடியிலிருந்து வருவார். சுருட்டை முடி, இடது கால் ஆட்டம், மொச்சைக் குழம்பு பிடிக்கும். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அவர் அப்பாவாகவோ, தாத்தாவாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால், அவர் பெயரையும் அவர் ஆடிய மேட்சுகளையும் இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். சின்னமனூரில் அந்தப் பெயருக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.